மட்டக்களப்பு வளவில் மக்னோலியா: செண்பகம் நட்டு வளர்க்க முழுமையான வழிகாட்டி

இலை ஒன்றுகூட இல்லாத கிளைகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள் நிறைந்து நிற்கும் மக்னோலியாப் படங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, அந்தக் கன்று எங்கே கிடைக்கும் என்று நாற்றுமேடைகளில் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் படங்களில் இருப்பது பெரும்பாலும் 1820களில் பிரான்ஸில் எத்தியன் சூலாஞ்ச் போதென் என்பவர் உருவாக்கிய கலப்பினம். குளிர்காலத்தில் இலையுதிர்த்து, பல வாரக் குளிரில் உறங்கி எழுந்தால்தான் அதற்கு மொட்டு விரியும். மட்டக்களப்பிலோ அம்பாறையின் கரையோரத்திலோ ஜனவரி இரவில்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த மரம் இங்கே நோயாளியாகத்தான் நிற்கும்.

மக்னோலியா வேண்டுமென்றால் நமக்குச் செண்பகம் இருக்கிறது. இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. தாவரவியலாளர் பலர் முன்பு மிச்சேலியா என்று தனியாக வைத்திருந்த செண்பகத்தை இப்போது மக்னோலியாப் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே நம் கோயில் வளவுகளில் நிற்பது அசல் மக்னோலியாதான். மணத்தில் அதை மிஞ்சும் மக்னோலியா மிகச் சில.

எந்தச் செண்பகம்?

இரண்டு வகையில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். முதலாவது, வெளிர் மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை பூக்கும் சாதாரணச் செண்பகம். காட்டில் 30 மீற்றருக்கும் மேலே போகும் மரம் இது. வளவில் அதன் பாதிக்குள் நிற்கும். விதையில் எளிதாக முளைக்கும். ஆனால் விதைக்கன்று பூக்க 5 முதல் 8 ஆண்டு, சிலவேளை அதற்கு மேலும் ஆகும். இரண்டாவது வெண்செண்பகம். இது செண்பகமும் இன்னொரு மக்னோலியாவும் கலந்து பிறந்தது. விதை பிடிப்பது அரிது என்பதால் ஒட்டுக்கன்றாகவோ பதியமாகவோதான் கிடைக்கும். இடம் குறைந்தவர்களுக்கும் பொறுமை குறைந்தவர்களுக்கும் இதுவே நல்லது. நல்ல ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கத் தொடங்கும். பெரிய சாடியிலும் சில ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்த பெரும்பூ மக்னோலியாவும் சில இடங்களில் விற்பனைக்கு வருகிறது. தடித்த பளபளப்பான இலையும் வெள்ளைப் பெரும்பூவும் கொண்டது. நம் வெப்பத்தில் உயிரோடு நிற்கும். ஆனால் வளர்ச்சி மந்தம், பூவும் குறைவு. வளவில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் அந்த இடத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கன்று வாங்கும்போது

கண்டிப் பக்கமிருந்து வரும் கன்றுகளில் 'சப்பு' என்று எழுதியிருக்கும், அது செண்பகம்தான். மலைநாட்டில் பலகைக்காகவும் இதை நடுகிறார்கள். பலகைக்கென வளர்த்த விதைக்கன்றை 'ஒட்டுச் சப்பு' என்று தலையில் கட்டிவிடுவதும் உண்டு. எனவே தண்டை உற்றுப் பாருங்கள். ஒட்டுக்கன்றென்றால் மண்ணுக்கு மேலே சில அங்குல உயரத்தில் தழும்பும் சிறு வளைவும் தெரியும். தழும்புக்கு மேலும் கீழும் பட்டையின் நிறம் கொஞ்சம் வேறுபடும்.

செண்பகமா என்பதையே உறுதி செய்ய வேண்டுமானால் இளங்கிளையைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டைச் சேரும் இடத்தில் முழுச் சுற்றாக ஒரு மெல்லிய வளையக்கோடு ஓடும். நுனியில் இருக்கும் குருத்தை மென்மயிர் மூடிய ஓர் உறை பொதிந்திருக்கும். இலை விரியும்போது அந்த உறை கழன்று விழுந்து, இந்த வளையத்தை விட்டுச் செல்கிறது. மக்னோலியாக் குடும்பத்தின் கையொப்பம் அது. வளையம் இல்லையென்றால் கடைக்காரர் எந்தப் பெயரைச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆறடிக் கன்றைவிட ஒன்றரை, இரண்டு அடிக் கன்றே நல்லது. செண்பகத்தின் வேர் சதைப்பிடிப்பானது, எளிதில் ஒடிவது. அதைக் குழப்பினால் பொறுக்காது. பைக்குள் நீண்ட காலம் நின்ற கன்றின் வேர் சுற்றிச் சுற்றி முறுகிக் கிடக்கும். பையின் அடியில் தடித்த வேர் வெளிவந்து நிலத்தில் ஊன்றியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். மொட்டோடு நிற்கிறதே என்ற ஆசையிலும் வாங்க வேண்டாம்.

மலைநாட்டு நிழலில் வளர்ந்த கன்றைக் கொண்டுவந்த அன்றே வெயிலில் நட்டால் இலை கருகும். மாமர நிழலில் இரண்டு மூன்று வாரம் வைத்து, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

இடம்: இதில்தான் முக்கால்வாசி வேலை

வெயில் கூடியதால் நம் ஊரில் செண்பகம் பட்டுப்போவதில்லை. மார்கழியில் வேர் தண்ணீரில் நிற்பதாலும், ஆனி ஆடியில் கச்சான் காற்றில் காய்வதாலுமே பட்டுப்போகிறது. மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பின்பு தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு, மலைக்கு இப்பால் உலர்ந்து சூடேறி நம்மிடம் வருகிறது. அதுதான் கச்சான். ஆண்டு முழுவதும் மிதமான ஈரம் கேட்கும் மரத்துக்கு இந்த இரண்டு முனைகளும் ஒத்துக்கொள்வதில்லை. நாம் செய்யும் பராமரிப்பெல்லாம் இவ்விரண்டையும் மட்டுப்படுத்தும் வேலைதான்.

எழுவான்கரையில், அதாவது கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஊர்களில், மூன்றாவதாக உப்பும் சேர்கிறது. மாரிக்காலத்து வடகீழ்க் காற்று கடலின் உப்புத் திவலையை அள்ளிவரும். அதனால் கடலைப் பார்த்த பக்கத்தில் செண்பகம் நட வேண்டாம். வீட்டின் மேற்குப் பக்கம் நட்டால் வீடே உப்புக்குத் தடுப்பாகிவிடும். அப்படியானால் கச்சான் நேரே அடிக்குமே என்று கேட்கலாம். அடிக்கும். ஆனால் கச்சானைக் கிடுகாலும் தண்ணீராலும் சமாளிக்கலாம்; இலையில் படிந்த உப்பை ஒன்றும் செய்ய முடியாது.

கிணற்று நீரையும் கவனியுங்கள். தென்னை நன்றாக நிற்கிறது என்பது சான்றாகாது. தென்னை உப்பைத் தாங்கும். வளவில் தோடை, எலுமிச்சை, மா ஆகியவை இலை கருகாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். அவை செழித்தால் செண்பகமும் செழிக்கும். அவற்றின் இலை ஓரம் எரிந்திருந்தால், நாவுக்கு உவர் தெரியும் நீராக இருந்தால், மழைநீர் சேமிக்கும் தொட்டி இல்லாமல் இந்த மரத்தை எண்ண வேண்டாம்.

கடற்கரை மணலில் இன்னொரு சிக்கல், ஊரியும் சிப்பித் துண்டும். அவற்றின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். செண்பகமோ சற்று அமிலமான மண்ணை விரும்புவது. புதுவீடு கட்டியவர்கள் சுவரோரம் புதைத்துவிட்ட சாந்து, சீமெந்துக் கழிவும் இதே தீமையைச் செய்யும். குழி வெட்டும்போது வெள்ளைக் கட்டிகள் கிளம்பினால் இடத்தை மாற்றுங்கள்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் உட்புறத்திலும் உப்புக் கவலை பொதுவாகக் குறைவு. அங்கே வயலையொட்டிய தாழ்ந்த நிலம்தான் பிரச்சினை. மாரியில் ஒருநாள் தேங்கி வடியும் இடம் பரவாயில்லை. ஒரு வாரம் நிற்கும் இடத்தில் செண்பகம் மூச்சுத் திணறிப் போகும். யானை வரும் ஊர்களில் வாழைக்கு அருகில் நடாதீர்கள். யானை வாழையைத் தேடித்தான் வருகிறது. ஆனால் கால் வைக்கும் இடம் பார்ப்பதில்லை.

சுவரிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் 15 அடியாவது தள்ளி, தலைக்கு மேலே மின்கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். முழு நிழலில் மரம் வளரும், பூக்காது.

நடும் காலமும் குழியும்

மணல் நிலமென்றால் ஒக்டோபரில் முதல் மழை பெய்து மண் குளிர்ந்ததும் நடுங்கள். மழை முடிவதற்குள் வேர் ஆழம் போய்விடும். தாழ்ந்த களிமண் நிலமென்றால் மாரி முடியட்டும். ஜனவரி இறுதியில், வெள்ளம் எங்கே நின்றது என்பதைக் கண்ணால் பார்த்த பின் நடுவதே புத்தி. சித்திரை தொடங்கி ஆவணி வரை நடவே வேண்டாம்.

குழி மூன்றடி அகலம், இரண்டடி ஆழம். களிமண்ணில் அலவாங்கால் குத்தி வெட்டிய குழியின் பக்கங்கள் மழுங்கி இறுகியிருக்கும். மண்வெட்டி நுனியால் அவற்றைக் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் குழியே சாடியாகி, மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மணல் குழிக்குக் கிளறிய மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ ஒரு பங்கு, கழுவி ஊறவைத்த தும்புச்சோறு அரைப் பங்கு. தும்புச்சோற்றைக் கழுவாமல் போட்டால் அதில் உள்ள உப்பு வேரைச் சுடும். இரண்டு முறை நீர் மாற்றினால் போதும். குழியின் அடியில் தென்னம் பொச்சை, நார்ப்பக்கம் மேலே பார்க்க ஒரு வரிசை அடுக்குங்கள். கோடையில் ஈரத்தை அதுதான் பிடித்து வைத்திருக்கும். களிமண்ணில் பொச்சு வேண்டாம். பச்சைச் சாணம் எங்குமே வேண்டாம், கறையானை அழைத்துவரும். தாழ்ந்த நிலத்தில் குழிக்குப் பதில் ஒன்றரை அடி உயரத்துக்கு அகலமான மண்மேடு எழுப்பி அதன் உச்சியில் நடுவதே சரி.

பொலித்தீன் பையைப் பிடித்து இழுக்காதீர்கள். கத்தியால் நெடுக வெட்டிக் கழற்றுங்கள். மண்கட்டி உடையக்கூடாது. பையில் எந்த ஆழத்தில் நின்றதோ அதே ஆழத்தில் நடவேண்டும். ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். காலால் மிதித்து இறுக்காமல், கையால் அமர்த்தி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினால் மண் தானே படியும். காற்றுக்கு ஆடாதிருக்க மண்கட்டிக்கு வெளியே ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஆடு மாடு திரியும் தெருவென்றால் அன்றைக்கே வேலி அடைத்துவிடுங்கள்.

முதல் இரண்டு ஆண்டு

அடியில் உலர்ந்த இலை, வைக்கோல், நறுக்கிய பொச்சு, எது கிடைத்தாலும் மூன்று நான்கு அங்குலத் தடிப்பில் மூடாக்கு இடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக இருக்கட்டும். தண்டில் ஒட்டினால் பட்டை அழுகும்.

மணலில், மழையில்லாத நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு வாளி. களிமண்ணில் வாரத்துக்கு இரண்டு முறை. இது தொடக்கக் கணக்கு மட்டும்தான். விரலை நான்கு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் அன்று வேண்டாம். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதால் பயனில்லை. வேரை மேலேயே தேங்கவைத்துவிட்டு, கச்சானில் அதைக் காயவிடுவதுதான் அதன் முடிவு.

மே மாதம் தொடங்கியதும் மேற்குப் பக்கத்தில் கன்றைவிட ஓரடி உயரமாகக் கிடுகுத் தட்டி ஒன்று கட்டுங்கள். பிற்பகல் வெயிலையும் கச்சானையும் அது ஒருசேர மறைக்கும். ஓகஸ்ட் கடந்ததும் எடுத்துவிடலாம். மூன்றாம் ஆண்டிலிருந்து மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கடுங்கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விட்டால் போதும்.

பலர் ஏமாறும் இடம் மாரிதான். டிசம்பரில் இலை மஞ்சளாகி, துவண்டு, கீழிருந்து உதிரத் தொடங்கும். துவண்டிருக்கிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். மண்ணைச் சற்றுத் தோண்டி முகர்ந்து பாருங்கள். சேற்று நாற்றம் அடித்தால் வேர் அழுகுகிறது. உடனே மூடாக்கை அகற்றி, ஓரடி ஆழ வாய்க்கால் வெட்டி நீரை வடியவிடுங்கள். பசளை எதுவும் அப்போது கொடுக்கக்கூடாது.

பசளை

முதலாண்டில் குழியில் இட்டதே போதும். பிறகு ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன் செப்டெம்பர் இறுதியிலும் மாரி முடிந்த பின் பெப்ரவரியிலும், கிளை பரந்த எல்லைக்குக் கீழே வட்டமாக இரண்டு கூடை கூட்டெரு தூவி, மூடாக்கால் மறைத்துவிடுங்கள். கொத்தாதீர்கள், வேர் மேலேயே இருக்கிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கறுத்துச் செழிக்கும், பூ போய்விடும்.

அடுப்புச் சாம்பலை மரத்தடியில் கொட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேறு மரங்களுக்கு நல்லதாக இருக்கலாம். செண்பகத்துக்கு, அதிலும் கரையோர மணலில், கூடாது. மண்ணின் காரத்தை அது மேலும் கூட்டும். மீன் கழுவிய நீரை எப்போதாவது ஊற்றலாம். கருவாடு கழுவிய உப்புநீர் அந்தப் பக்கமே போகக்கூடாது.

புதிய இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல. காரமண்ணில் அதை வேர் உறிஞ்ச முடியாமல் இருக்கிறது. எளிதில் உறிஞ்சப்படுமாறு கிலேட் செய்த இரும்பை இலையில் தெளித்தால் சில வாரத்தில் பச்சை திரும்பும். நிரந்தரத் தீர்வு ஆண்டுதோறும் கூட்டெரு இடுவதுதான். சந்தேகமென்றால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பூச்சி

பெரிய தொல்லை இல்லை. செதில் பூச்சியும் வெண்மூட்டுப் பூச்சியும் இளந்தண்டில் ஒட்டிச் சாறுறிஞ்சும். அவை விடும் இனிப்புக் கழிவில் கரும்பூசணம் படிந்து இலை கரிபிடித்தாற்போல் ஆகும். எறும்பு வரிசை ஏறுவதே முதல் அறிகுறி. ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்து, வாரம் ஒருமுறையாக மூன்று முறை செய்தால் அடங்கும்.

இலையைத் தின்னும் பச்சைப் புழுக்கள் தென்பட்டால் மருந்தைத் தூக்காதீர்கள். பச்சைப் புள்ளிகள் பதித்த சிறகுள்ள வால் வண்ணத்துப்பூச்சி ஒன்று அன்னமுன்னாவிலும் செண்பகத்திலும் முட்டையிடும். அதன் புழுவாக இருக்கலாம். சிறு கன்றென்றால் கையால் எடுத்து அன்னமுன்னா மரத்தில் விட்டுவிடலாம். வளர்ந்த மரத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

பூ

செண்பகப்பூ இலைக்கக்கத்தில் ஒற்றையாக வரும். மாலையில் விரியத் தொடங்கும். மணம் முற்றிய நேரம் இரவும் விடியலும். பறிப்பதென்றால் வெயில் ஏறுமுன், பாதி விரிந்த நிலையில், காம்போடு கிள்ளுங்கள். இதழை நசுக்கிப் பிடித்தால் சிறிது நேரத்தில் விரல்பட்ட இடம் பழுப்பாகிவிடும். பூசைக்கென்றால் வாழையிலையில் பொதிந்து கொடுத்தால் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தி விழாவுக்கும் வாடாமல் போய்ச்சேரும்.

வண்டு நாடாத மலர் என்று வடமொழிக் கவிஞர் செண்பகத்தைப் பழிப்பதுண்டு. உண்மை நேர்மாறு. தேனீக்கள் தோன்றுமுன்பே உலகில் இருந்த பழங்குடி மக்னோலியா. அதன் மகரந்தச் சேர்க்கைக்கு முதன்மையாக வருவது சிறு வண்டுகளே.

ஒட்டுக்கன்று நான்கு ஆண்டாகியும் பூக்காவிட்டால் முதலில் வெயிலைப் பாருங்கள். பக்கத்து மா வளர்ந்து மறைத்திருக்கும். அடுத்து ஒட்டுத் தழும்புக்குக் கீழே கிளைத்த துளிரைப் பாருங்கள். அதை விட்டுவைத்தால் அடிக்கன்றே மரமாகி, மேலே இருந்த வெண்செண்பகம் நலிந்துவிடும். அத்தகைய துளிரைக் கண்டதும் ஒடித்துவிட வேண்டும்.

விதையிலிருந்து வளர்ப்பவர்களுக்கு

மஞ்சள் செண்பகத்தின் காய் கொத்தாக வரும்; முற்றியதும் வெடித்து, சிவந்த சதை மூடிய விதைகளைக் காட்டும். காகமும் மைனாவும் முந்துவதற்குள் எடுத்துவிடுங்கள். அந்தச் சிவப்புச் சதை எண்ணெய்ப்பசை கொண்டது, முளைப்பைத் தடுப்பது. ஓரிரவு நீரில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவினால் கரிய விதை வெளிப்படும். மிதப்பவற்றை எறிந்துவிட்டு மற்றவற்றை அன்றே விதையுங்கள். காயவைத்துப் போத்தலில் அடைத்தால் சில வாரத்தில் உயிர் போய்விடும்.

மணலும் தும்புச்சோறும் கூட்டெருவும் கலந்த தட்டில் அரை அங்குல ஆழம், நிழல், விடாத ஈரம். சில வாரத்திலும் முளைக்கலாம், மூன்று மாதமும் ஆகலாம். முளைக்கவில்லையே என்று கிளறிப் பார்க்காதீர்கள். நான்கு இலை வந்ததும் பைக்கு மாற்றி, ஓராண்டு கழித்து நிலத்துக்கு இறக்குங்கள்.

கத்தரிப்பும் சூறாவளியும்

ஆறேழு அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை பரந்து, பூ கைக்கெட்டும் உயரத்தில் வரும். தடித்த கிளையை வெட்டினால் காயம் ஆறக் காலம் பிடிக்கும். ஆகவே கிளை விரல் தடிப்பில் இருக்கும்போதே தீர்மானித்துவிடுங்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் உள்ளே நெருங்கிய சிறுகிளைகளைக் களைந்து காற்றுப் புக வழிவிட வேண்டும். செண்பகக் கிளை முறிவது எளிது. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காற்றில் இளமரம் சாய்ந்தால் வேரின் ஒரு பக்கமாவது மண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மண் ஈரமாக உள்ளபோதே மெதுவாக நிமிர்த்தி, மூன்று பக்கமும் கயிறு கட்டி, கிளையில் மூன்றிலொரு பங்கைக் குறைத்துவிடுங்கள். நடுவில் முறிந்திருந்தால் முறிவுக்குக் கீழே, ஒட்டுத் தழும்புக்கு மேலே, சரிவாக வாளால் அறுங்கள். அடிமரத்திலிருந்து துளிர்க்கும் பழக்கம் செண்பகத்துக்கு உண்டு. வரும் துளிர்களில் தடித்த ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டால், வேர் பழையது என்பதால் புதுத்தண்டு கன்றைவிட வேகமாக உயரும்.